பெரியம்மையை வென்ற கிராம மருத்துவர்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மக்களைப் பெரிதும் அச்சுறுத்திய நோய் பெரியம்மை. அது கண்டவர்களுள் பலர் மாண்டனர். பிழைத்தவர்கள் முகத் தழும்புகளுடன் வாழ்ந்தனர். சிலர் பார்வையையும் இழந்தனர். இந்நோயைத் தடுக்க வழிகாட்டியவர் எட்வர்ட் ஜென்னர்.

ஜென்னர் 1749ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் இங்கிலாந்தின் பெர்க்லி எனும் சிற்றூரில் பிறந்தார். அக்காலத்தில் பெரியம்மைச் சீழைச் சிறிதளவு உடலில் செலுத்தி, நோயை மிதமாக வரவழைக்கும் முறை இருந்தது. அதனாலும் சிலர் இறந்தனர். பிறருக்கும் நோய் பரவியது. எட்டு வயதில் ஜென்னருக்கும் அம்முறையைச் செய்தனர். அதற்காக அவரைப் பட்டினி போட்டு, இரத்தத்தை வெளியேற்றி, பிற சிறுவர்களுடன் ஒரு தொழுவத்தில் அடைத்து வைத்தனர்.

பின்னாளில் மருத்துவராகி ஊர் திரும்பிய ஜென்னர், ஊரார் பேச்சு ஒன்றை ஆராயத் தொடங்கினார். பால் கறப்போருக்கு மாட்டம்மை வந்துவிட்டால் பெரியம்மை தொற்றாது என்பதே அப்பேச்சு. 1796ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், சாரா நெல்ம்ஸ் எனும் பால்காரப் பெண்ணின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரை எடுத்தார். தம் தோட்டக்காரரின் எட்டு வயது மகன் ஜேம்ஸ் பிப்ஸின் கையைக் கீறி அதனைச் செலுத்தினார். ஜூலை முதல் நாள் அச்சிறுவனுக்குப் பெரியம்மைச் சீழைச் செலுத்திச் சோதித்தார். நோய் வரவில்லை. சிறுவர்மீது இவ்வாறு சோதனை செய்ய இன்றைய மருத்துவ நெறி இடம் தராது. எனினும், தடுப்பூசியின் வரலாறு அங்கேதான் தொடங்கியது.

ஜென்னரின் கட்டுரையை இலண்டன் அறிவியலாளர் கழகம் ஏற்க மறுத்தது. அவர் மேலும் சான்றுகளைத் திரட்டி, 1798இல் தம் சொந்தச் செலவில் நூலாக வெளியிட்டார். தடுப்பூசி போட்டால் உடலில் மாட்டுத்தலை முளைக்கும் என்று கேலிச்சித்திரம் வரைந்தோரும் இருந்தனர். ஜென்னர் கலங்கவில்லை. தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றுச் செல்வம் சேர்க்கவும் அவர் முனையவில்லை. தம் வீட்டுத் தோட்டத்திலிருந்த குடிலில் ஏழைகளுக்கு இலவசமாகத் தடுப்பூசி போட்டார். ஜேம்ஸ் பிப்ஸுக்கு வாடகையின்றி வாழ ஒரு வீட்டையும் தந்தார்.

1823ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் ஜென்னர் மறைந்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1853இல், பிறந்த மூன்று மாதத்திற்குள் குழந்தைகளுக்குப் பெரியம்மைத் தடுப்பூசி போடுவதை இங்கிலாந்து சட்டப்படி கட்டாயமாக்கியது. அதனைப் பெற்றோர் சிலர் கடுமையாக எதிர்த்தனர். அதனால் பின்னர் விலக்கும் அளிக்கப்பட்டது. இன்று சிங்கப்பூரில் தொண்டை அடைப்பான், தட்டம்மை ஆகிய நோய்களுக்கான தடுப்பூசிகள் குழந்தைகளுக்குச் சட்டப்படி கட்டாயமாக உள்ளன.

உலக நாடுகள் ஒன்றிணைந்து நடத்திய தடுப்பூசி இயக்கத்தின் பயனாக, 1980ஆம் ஆண்டில் பெரியம்மை முற்றிலும் ஒழிக்கப்பட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. மனித முயற்சியால் உலகைவிட்டே ஒழிக்கப்பட்ட முதல் மனித நோய் அதுவே.