பதவி பறிபோனது, பேனா ஓயல: கொரிய அறிஞர் டசானின் 18 ஆண்டுகள்

கன்பூசிய அறிஞர் ஜொங் யாக்-யோங். புனைபெயர் டசான். மன்னர் ஜொங்ஜோவுக்கு நெருக்கமானவர். 1800-ல் மன்னர் இறந்தார். அடுத்த ஆண்டே, கத்தோலிக்கத் தொடர்பு என்ற குற்றச்சாட்டில் டசான் தலைநகரிலிருந்து விரட்டப்பட்டார்.

தென்கோடி ஊரான காங்ஜினில் தங்க இடம் தந்தது, மதுக்கடை நடத்திய ஒரு பெண்மணி. அந்தச் சின்ன அறையில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். 1808-ல் மலைச்சரிவுக் குடிலுக்கு மாறினார். தேநீர், மாணவர்கள், எழுத்துன்னு நாள்கள் ஓடின.

மனைவி அனுப்பிய சாயம்போன பாவாடையை வெட்டி, மகன்களுக்குப் புத்திமதி எழுதினார். மகளுக்குப் பறவை வரைந்தார்.

வரி ஏழைகளை எப்படிப் பிழியுதுன்னு பக்கத்தில் இருந்து பார்த்தார். அதுதான், அதிகாரிகள் மக்களை எப்படி ஆளணும்னு சொல்லும் 'மொங்மின் சிம்சொ' நூலானது.

1818-ல் விடுதலை. ஆனா, இழந்த பதவி 1836-ல் இறக்கும்வரை திரும்பவே இல்லை. அந்த நூலோ இன்னும் வாசிக்கப்படுது.