அறுந்த நூலிடம் பாடம் கேட்டவர்

கற்கும் நிறுவனம் என்ற தொடரை வணிகவியல் மாணவர்களாகிய நாம் அடிக்கடி கேட்கிறோம். 1990-இல் பீட்டர் செங்கே என்னும் அமெரிக்கர் எழுதிய நூலால் அது உலகெங்கும் பரவியது. பெயர் பிறக்கும் முன்பே அந்தப் பழக்கம் பிறந்துவிட்டது என்பது என் எண்ணம். சான்றாக நான் காட்ட விரும்புபவர் சாகிச்சி டொயோடா.

இவர் 1867-இல் ஜப்பானில், இன்றைய ஷிசுவோகா மாநிலத்துச் சிற்றூரில், ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். உளி பிடிக்க வேண்டிய பிள்ளையின் கண், ஊர்ப் பெண்கள் கைத்தறியில் படும் பாட்டின்மேல் சென்றது. 1890-இல் டோக்கியோவில் தொழிற் பொருட்காட்சி நடந்தபோது நாள்தோறும் சென்று இயந்திரங்களின் முன் நின்றார். அதே ஆண்டில் ஒரு கையால் இயக்கும் மரத்தறியைச் செய்து, மறு ஆண்டு காப்புரிமையும் பெற்றார்.

1896-இல் அவர் அமைத்த விசைத்தறி, ஊடை நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். நிற்காத தறி பழுதான துணியை நெய்து தள்ளிக்கொண்டே இருக்கும். எதனால் கெட்டது என்பது துணிச் சுருளுக்குள் மறைந்துபோகும். நின்ற தறியோ ஆளை அழைத்துக் காரணம் தேடச் சொல்கிறது. ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு வேரைக் காணும் வழக்கமும் இவர் வழி வந்ததென்றே சொல்வர்.

வாழ்வு நேராகச் செல்லவில்லை. தம் பெயரால் 1907-இல் தோன்றிய தறி நிறுவனத்திலிருந்தே, வாணிகம் சரிந்தபின், 1910-இல் விலக நேர்ந்தது. மனமுடைந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறியவர், அங்கும் தறிகளைத்தான் பார்த்தார்! திரும்பி வந்து நகோயாவில் சொந்தமாக நெசவாலை அமைத்தார். தறி செய்பவருக்கு நெசவாலை எதற்கு? தம் தறியைத் தாமே ஓட்டிப் பார்க்கத்தான். நல்ல நூல் கிடைக்காததால் குறை தறியிலா நூலிலா என்று விளங்கவில்லை. ஆகவே 1914-இல் நூற்பையும் தொடங்கினார். ஒரு சோதனை செம்மையாக நடக்க ஒரு நூற்பாலை! என்னை மிகவும் கவர்ந்த இடம் இது.

மகன் கீச்சிரோவின் உழைப்பும் சேர்ந்து 1924-இல் ஜி வகைத் தானியங்கித் தறி உருவாயிற்று. ஓட்டம் நிற்காமலே நாடா மாறும். ஒரே தொழிலாளி முப்பதுக்கு மேற்பட்ட தறிகளைக் கவனிக்கலாம். மற்ற நெசவாளர் கதி என்னவாயிற்று என்பதை நான் படித்த வரலாறுகள் பேசவில்லை. அது எனக்கொரு மனக்குறை. 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் நிறுவனம் இத்தறியின் உரிமையை விலைக்கு வாங்கிற்று. உலகிற்கு நெசவு இயந்திரம் கற்பித்த லங்காஷயர், தச்சர் மகனிடம் மாணவராயிற்று. மறு ஆண்டு அவர் மறைந்தார்.

1937-இல் கீச்சிரோவின் முயற்சியால் டொயோட்டா மோட்டார் நிறுவனம் எழுந்தது. நூற்பு நெசவாலையிலிருந்து அங்கு வந்த டாயிச்சி ஓனோ, தறிக்கிருந்த உரிமையைத் தொழிலாளிக்கும் அளித்தார். பிழை கண்டவர் எவராயினும் தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடி வருவார். இருவரும் சேர்ந்து பார்த்தும் தீரவில்லையெனில் கார் வரிசை முழுவதும் நிற்கும்.