பயத்துக்கு இசை அமைத்த வீணை மேதை
எஸ். பாலசந்தரின் வாழ்க்கை

பயங்கரப் படத்தின் 'டிரெய்லர்' ஓடுகிறது. கண்ணை மூடிக்கொண்டால் பாதிப் பயம்தான் போகும். காதையும் மூடிக்கொண்டால் முழுப் பயமும் போய்விடும்! திரையில் இருப்பது வெறும் கதவுதான். அது திறக்கும் சத்தமும், அதற்குப் பின் வரும் அமைதியும்தான் நம்மை நடுங்க வைக்கின்றன.

இந்த ரகசியத்தைத் தமிழ்ப் படங்களில் நன்றாகப் பயன்படுத்தியவர் ஒரு சங்கீத வித்வான். அவர்தான் வீணை எஸ். பாலசந்தர். ('எதிர் நீச்சல்' படத்தை எடுத்த கே. பாலசந்தர் வேறு, இவர் வேறு.)

கஞ்சிரா வாசித்த சிறுவன்

பாலசந்தர் 1927-ம் ஆண்டு ஜனவரி 18-ந்தேதி சென்னையில் பிறந்தார். தந்தை சுந்தரம் அய்யர், வக்கீல். குடும்பம் முழுவதும் கலைக் குடும்பம். அண்ணன் எஸ். ராஜம், பாடகர்; பெரிய ஓவியர். அக்காள் ஜெயலட்சுமி, நடிகை.

1934-ல் 'சீதா கல்யாணம்' என்ற பேசும் படம் வந்தது. அதில் ராஜம் ராமராக நடித்தார். ஜெயலட்சுமி சீதையாக நடித்தார். தந்தையும் நடித்தார். சிறுவன் பாலசந்தர், ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் பையனாக வந்தான். அப்போது அவனுக்கு வயது ஏழு!

கஞ்சிரா, தபலா, ஆர்மோனியம், சிதார் என்று ஒவ்வொரு வாத்தியமாக அவர் கற்றுக்கொண்டார். இளம் வயதிலேயே சென்னை வானொலி நிலையத்தில் கலைஞராகச் சேர்ந்தார். பின்னர் அவர் மனம் வீணையில் நிலைத்தது. குரு யாரும் இல்லாமல் தானாகவே வீணை பயின்றார்.

நடிகர், டைரக்டர்

சினிமாவும் அவரை விடவில்லை. 1948-ல் வெளிவந்த 'இது நிஜமா?' படத்தில் இரட்டை வேடத்தில் நடித்தார். அதே ஆண்டில் 'என் கணவர்' படத்தை டைரக்ட் செய்தார். 1951-ல் 'கைதி' வந்தது.

ஜப்பானிய டைரக்டர் குரோசவா 1950-ல் 'ராஷோமோன்' என்ற படத்தை எடுத்திருந்தார். ஒரே சம்பவத்தைப் பலரும் பல விதமாகச் சொல்லும் கதை அது. அதைப் பார்த்த பாலசந்தருக்குப் புதிய எண்ணம் உதயமாயிற்று. ஏவி.எம். நிறுவனம் தயாரிக்க, ஜாவர் சீதாராமன் வசனம் எழுத, 'அந்த நாள்' உருவாயிற்று.

பாட்டே இல்லாத படம்

1943-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசியது. நகரம் கலங்கியிருந்த அந்த வேளையில் நடப்பதாகக் கதை அமைக்கப்பட்டது. ரேடியோ என்ஜினீயர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். கொன்றது யார்? இதுதான் கதை.

அந்தக் காலத்தில் ஒரு படத்தில் பத்துப் பாட்டுகளாவது இருக்கும். பாட்டுக்காகவே படம் பார்க்க வருவோர் ஏராளம். 'அந்த நாள்' படத்திலோ ஒரு பாட்டுகூட இல்லை! நடனம் இல்லை. சண்டைக் காட்சியும் இல்லை. சங்கீதத்தில் ஊறிய ஒருவர் இப்படிச் செய்தது எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. பயமும் சந்தேகமும் பாலைக் காய்ச்சுவது போலச் சிறிது சிறிதாகச் சூடேற வேண்டியவை. நடுவே ஒரு பாட்டு வந்தால், பொங்கி வரும் பாலில் தண்ணீர் தெளித்தது போல ஆகிவிடும்.

படம் தொடங்கியதும் துப்பாக்கி வெடிக்கிறது. கதாநாயகன் சிவாஜி கணேசன் சாய்கிறார். முதல் காட்சியிலேயே சிவாஜி சாவதா? ரசிகர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. 1954 ஏப்ரலில் வெளியான படம் பெரிய வசூலைத் தரவில்லை. ஆனாலும் தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றது. பாட்டு இல்லாத முதல் தமிழ்ப் படம் என்ற புகழ் இன்றும் நிலைத்திருக்கிறது.

குண்டு வைத்த பொம்மை

வசூல் குறைந்ததால் பாலசந்தர் சோர்ந்துவிடவில்லை. மர்மப் படங்களைத் தாமே தயாரித்து, தாமே டைரக்ட் செய்து, இசையும் அமைத்தார். 'அவனா இவன்' 1962-ல் வந்தது. 'பொம்மை' 1964-ல் வந்தது.

நடக்கும் பொம்மை ஒன்றுக்குள் வெடிகுண்டை ஒளித்து வைக்கிறார்கள் சதிகாரர்கள். பொம்மை கை மாறிக்கொண்டே போகிறது. உள்ளே குண்டு இருப்பது வைத்திருப்பவருக்குத் தெரியாது. படம் பார்க்கும் நமக்குத் தெரியும். பொம்மை எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் நம் நெஞ்சில் விழுகிறது!

இந்தப் படத்தில் பாட்டு உண்டு. மனிதரும் பொம்மைதான் என்ற கருத்துள்ள பாட்டைப் பாடியவர் கே.ஜே. யேசுதாஸ். தமிழ் ரசிகர்களுக்கு அவர் குரல் அறிமுகமானது இந்தப் படத்தில்தான். படம் முடிந்ததும் பாலசந்தர் திரையில் தோன்றி, உழைத்தவர்களை எல்லாம் அறிமுகம் செய்து வைத்தார். பயந்து போன மக்கள் சிரித்த முகத்துடன் வீடு திரும்பினார்கள்.

1970-ல் 'நடு இரவில்' வெளிவந்தது. தீவில் ஒரு பெரிய பங்களா. அங்கே கூடிய உறவினர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டியின் நாவலைத் தழுவிய கதை இது. பாலசந்தர் டைரக்ட் செய்த கடைசிப் படமும் இதுவே.

வீணையே வாழ்க்கை

அதன் பிறகு வீணையே அவருக்கு உலகமாயிற்று. வீணையில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு மெட்டு உண்டு. பாலசந்தரோ ஒரே மெட்டில் விரலை வைத்து, தந்தியை இழுத்து இழுத்துப் பல சுரங்களைப் பேச வைப்பார். 72 மேளகர்த்தா ராகங்களையும் வீணையில் வாசித்துப் பதிவு செய்தார். வெளிநாடுகளிலும் கச்சேரி செய்தார். 1982-ல் பத்மபூஷண் விருது பெற்றார்.

1990-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பிலாய் நகரில் காலமானார்.

எந்த இடத்தில் ஒலி வேண்டும், எந்த இடத்தில் மவுனம் வேண்டும் என்று அறிந்தவர் பாலசந்தர். வீணையில் அது ராகமாயிற்று; திரையில் அது திகிலாயிற்று. பாட்டு இல்லாமல் படம் எடுக்க ஒரு பாட்டுக்காரருக்குத்தான் துணிவு இருந்தது!