மெகஸ்தனிஸ் கேள்வியுற்ற பாண்டிநாடு

பாண்டிநாட்டைப் பற்றி எழுதிவைத்த அந்நியருள் மிகப் பழையவர் மெகஸ்தனிஸ் என்னும் யவனர். காந்தகார்ப் பிரதேசத்து அதிபதியான சிபிர்த்தியஸ் என்பவனோடு வாழ்ந்தவர். அலெக்ஸாந்தரின் சேனாபதிகளில் ஒருவனாயிருந்து அரசனான செலூக்கஸ், சந்திரகுப்த மௌரியருக்குச் சிந்துநதிப் பக்கத்து நாடுகளை விட்டுக்கொடுத்து, 500 யானைகளைப் பெற்றுச் சமாதானம் செய்துகொண்டான். அவனுடைய தூதராகவே கி.மு. 300-ஐ ஒட்டி மெகஸ்தனிஸ் பாடலிபுத்திரம் வந்தார். வென்றவனுடைய தூதரல்லர், வெல்ல இயலாதவனுடைய தூதர் என்பது கவனிக்கத்தக்கது.

சிற்பத்திலும் தத்துவத்திலும் வைத்தியத்திலும் தம்மவர்க்கு நிகரில்லையென்று யவனர் பெருமை பேசிய காலம் அது. இவரோ 570 கோபுரங்களும் 64 வாயில்களும் கொண்ட பாடலிபுத்திரத்து மரமதிலைக் கண்டு வியந்து எழுதினார். இயற்கையைப் பற்றி யவன ஞானியர் கூறியவற்றை இத்தேசத்துப் பிராமணரும் கூறியுள்ளனர் என்றார். இங்குள்ள வைத்தியர்கள் மருந்தைவிடப் பத்தியத்தாலேயே மிகுதியும் நோய் தீர்ப்பதையும் குறித்துவைத்தார். பாட்னாவில் புலந்திபாக் என்னுமிடத்தை அகழ்ந்தபோது மரமதிலின் பகுதிகள் வெளிப்பட்டன. கண்டதை எழுதிய இடத்தில் அவர் வாக்குப் பொய்க்கவில்லை.

பாண்டிநாட்டுச் செய்தியோ செவிவழி வந்தது. ஹெரக்ளிஸ் என்னும் வீரன் தன் மகள் பாண்டேயாவுக்குத் தென்னாட்டை அளித்து, 500 யானைகளும் 4,000 குதிரைகளும் 1,30,000 காலாட்களும் கொடுத்தானாம். அவளை அலங்கரிக்கக் கடல் முத்துக்களைத் திரட்டினானாம். தந்தைக்குப்பின் அரசாண்ட தடாதகைப் பிராட்டியாரின் கதையைக் கேட்டு வளர்ந்த மதுரைவாசிகளுக்கு இது புதிதாகத் தோன்றாது. கொற்கை முத்தின் புகழ் கங்கைக்கரை வரை எட்டியிருந்தது என்பதையும் இதனால் ஊகிக்கலாம். ஆனால் அக்கதையோடு கேட்கத்தகாத கட்டுக்கதைகளும் கலந்துள்ளன. வாயில்லா மனிதரையும் அவர் நூலில் காணலாம். ஸ்திராபோ அவரைப் பொய்யரென்றே இகழ்ந்தார். 'இந்திகா' என்ற அந்நூல் அழிந்துவிட்டது. பிற யவன ஆசிரியர் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சியுள்ளன.

இந்தியரில் அடிமை எவருமிலர் என்றும் அவர் எழுதினார். நம்மவர் மேடைதோறும் பெருமையுடன் எடுத்தோதுவது இதனையே. வாயில்லா மனிதரைக் கட்டுக்கதையென்று தள்ளுகிறவர்கள் இதனை மட்டும் சோதியாமல் ஏற்பது நியாயமாகாது. அவர் வந்துசென்ற அரை நூற்றாண்டுக்குள் அசோக சக்கரவர்த்தி பாறைகளில் பொறித்த சாசனங்கள், அடிமைகளையும் வேலையாட்களையும் முறையாக நடத்துமாறு குடிகளுக்கு அறிவுறுத்துகின்றன.