பட்டாணிக் கொடி தந்த பாடம்

நம் கொங்கு நாட்டு ஊர்களில் மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி எடுப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சட்டியில் தூவிய தானியம் சில நாட்களில் சாணுயரம் எழுந்து நிற்கும். வளர்ந்து நிற்பதைக் காண்கிறோம். அது வளர்வதைக் கண்டவர் யார்? கண்ணுக்குப் புலப்படாத அந்த வளர்ச்சியைத் திரையில் காட்டி, அதையே மூலதனமாக்கி, இந்தியத் திரைப்படத்துக்குக் கால்கோள் இட்டார் ஒருவர். அவரே தாதாசாகேப் பால்கே.

துண்டிராஜ் கோவிந்த் பால்கே 1870ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், நாசிக்கை அடுத்த திரிம்பகத்தில் பிறந்தார். தந்தையார் வடமொழிப் புலவர். மகனுக்கோ ஓவியத்தில் நாட்டம். பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியிலும், பின்னர் பரோடா கலா பவனிலும் ஓவியமும் புகைப்படக் கலையும் பயின்றார். தொல்லியல் துறையில் பணி கிடைத்தது, அதையும் உதறினார். ரவிவர்மாவின் அச்சகத்துக்காக உழைத்தார். சொந்தமாக அச்சுத் தொழில் தொடங்கினார். ஜெர்மனி சென்று வண்ண அச்சு நுணுக்கங்களை அறிந்து வந்தார். ஆனால் பங்காளிகளோடு கருத்து வேற்றுமை முளைத்தது. தாம் வளர்த்த அச்சகத்தை விட்டு வெறுங்கையோடு வெளியேறினார்.

அந்த நிலையில்தான், 1911இல், பம்பாய்க் கொட்டகை ஒன்றில் ஏசுநாதர் வாழ்க்கையைக் கூறும் ஊமைப்படத்தைக் கண்டார். நம் நாட்டுத் தெய்வக் கதைகளையும் இவ்வாறு திரையில் நடமாட விட முடியாதா என்ற ஏக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. அப்போது அவருக்கு நாற்பது வயது கடந்திருந்தது. மனைவி மக்களைக் காக்கவேண்டிய குடும்பத் தலைவர், அந்த வயதில் மீண்டும் மாணவரானார்.

நாள்தோறும் படம் பார்ப்பதும், நூல்களைத் தேடிப் படிப்பதும், சிறு கருவிகளைக் கொண்டு ஆராய்வதுமாக உறக்கத்தைத் துறந்தார். விளைவு, கண்பார்வை மங்கிப் போயிற்று. ஓவியனுக்கும் புகைப்படக்காரனுக்கும் இதைவிடப் பெரிய இடி வேறென்ன வேண்டும்? மருத்துவர் ஒருவரின் சிகிச்சையால் பார்வை மீண்டது. மீண்ட கண்களோடு அவர் ஓய்ந்திருக்கவில்லை. தம் ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை அடகு வைத்து, 1912 பிப்ரவரியில் லண்டனுக்குக் கப்பலேறினார். அங்கே பயாஸ்கோப் என்ற திரைப்பட இதழின் ஆசிரியர், செசில் ஹெப்வொர்த் என்னும் புகழ்பெற்ற படத் தயாரிப்பாளரிடம் அவரை அறிமுகப்படுத்தினார். அவருடைய படப்பிடிப்பு நிலையத்தில் தொழிலை நேரில் கண்டறிந்தார். வில்லியம்சன் நிறுவனப் படக்கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு ஏப்ரலில் தாயகம் திரும்பினார்.

கருவி வந்துவிட்டது, கலையும் கைவந்துவிட்டது. பணம்? கேட்ட இடமெல்லாம் கைவிரித்தார்கள். இந்தியன் ஒருவன் படம் எடுப்பதாவது என்ற ஐயப்பாடு எங்கும் நிலவியது. வாயால் சொல்லி விளங்க வைப்பதைவிடக் கண்ணால் காட்டிவிடுவதே மேல் என்று முடிவு செய்தார் பால்கே.

ஒரு தொட்டியில் பட்டாணி விதைகளை ஊன்றினார். அதன் எதிரே படக்கருவியை நிறுத்தினார். ஒரு மாதத்துக்கும் மேலாக அந்தத் தொட்டியை விட்டு அவர் கவனம் அகலவில்லை. ஊமைப்படக் காலத்தில் நொடிக்கு ஏறக்குறைய 16 படங்கள் வீதம் திரையில் ஓடும். அவற்றைத் தொடர்ச்சியாக எடுக்காமல், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே காலத்தைக் கழியவிட்டு எடுத்தால், பல நாள் வளர்ச்சி சில நொடிகளில் கண்முன் நிகழும். எளிய கணக்குத்தான்; ஆனால் எளிய வேலையன்று. கருவி இம்மியும் நகரக்கூடாது, தொட்டி அசையக்கூடாது, நடுவில் செடி வாடினால் எல்லாம் வீண். விதை வெடித்து, முளை நிமிர்ந்து, கொடியாகப் படரும் காட்சி ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் குறும்படமாயிற்று. அங்குராச்சி வாட், அதாவது முளையின் வளர்ச்சி என்பது அதன் பெயர்.

தேர்ந்தெடுத்த சிலருக்கு அதைத் திரையிட்டுக் காட்டினார். ஐயம் கொண்டிருந்தவர்கள் வியந்தார்கள். கடன் தர முன்வந்தார்கள். அவர் மனைவி சரஸ்வதிபாய் தம் நகைகளையும் கொடுத்தார். கொடுத்ததோடு நின்றாரா? படச்சுருளில் துளையிடவும் கழுவவும் கற்றார்; படப்பிடிப்புக் குழுவினர் அனைவருக்கும் சமைத்துப் போட்டார். 1913 மே 3ஆம் நாள் ராஜா அரிச்சந்திரா வெளியாயிற்று. ஒரு பட்டாணிக் கொடியைப் பற்றிக்கொண்டு ஒரு பெருந்தொழில் மேலேறியது என்றால் மிகையாகாது.

1915இல் பால்கே தீக்குச்சிகளை நடிகர்களாக்கி ஒரு குறும்படம் எடுத்தார். அகாட்யாஞ்சி மௌஜ் என்று அதற்குப் பெயர். குச்சியைச் சிறிது நகர்த்துவதும் ஒரு படம் எடுப்பதும், மீண்டும் நகர்த்துவதும் மீண்டும் எடுப்பதுமாகச் செய்தால், உயிரற்ற பொருளும் உயிர்பெற்று ஆடும். இன்று நாம் அனிமேஷன் என்று அழைக்கும் அசைவூட்டக் கலையின் அடிப்படை இதுவே. அந்தப் படச்சுருள் இன்று நமக்குக் கிட்டவில்லை.

நம் கோவைக்கும் இக்கால வரலாற்றில் பங்குண்டு. ரயில்வே வேலையை விட்டுப் படம் காட்டும் கருவியோடு ஊர் ஊராகச் சுற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல் இங்கே வெரைட்டி ஹால் என்ற நிலையான திரையரங்கை எழுப்பினார். அங்கே நாசிக்காரர் படம் எடுக்க, இங்கே நம் ஊர்க்காரர் படம் காட்ட, இருவருமே மாதச் சம்பளத்தைத் துறந்து வந்தவர்கள்!

பால்கேயின் கடைசிக் காலம் செழிப்பாக இல்லை. பேசும்படம் வந்ததும் அவர் காலம் சாய்ந்தது. 1937இல் கங்காவதரண் என்ற பேசும்படத்தோடு அவர் பணி முடிந்தது. 1944 பிப்ரவரி 16ஆம் நாள் நாசிக்கில் மறைந்தார். அவர் பெயரால் நாட்டின் உயரிய திரைப்பட விருதை அரசு நிறுவியது அவர் பிறந்து நூறாண்டு ஆகும் தறுவாயில், 1969இல்தான்.

மாணவத் தோழர்களே! பால்கே அடகு வைத்து வாங்கிய கருவி செய்த வேலையை இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி செய்கிறது. தீப்பெட்டி பெட்டிக்கடையில் கிடைக்கிறது. பட்டாணி மளிகைக் கடையில் கிடைக்கிறது. கடையில் கிடைக்காதது ஒன்றுண்டு. முளைக்கும் வரை தொட்டியின் முன் காத்திருக்கும் பொறுமைதான் அது. அதை நாமே வளர்த்துக்கொள்ள வேண்டும்.