பச்சைப் பெட்டியும் பாடிய விரலும்

சென்ற மாதம் என் பழைய மாணாக்கன் ஒருவன் சிறிய பச்சை நிறப் பெட்டியொன்றைக் கையிலேந்தி என் வீட்டு விறாந்தையில் வந்தமர்ந்தான். மின்கிற்றார் வாசிப்போர் காலடியில் வைத்து மிதித்து இயக்கும் ‘ஓவர்டிரைவ்’ பெடல் அது. பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கினானாம். ஸ்டீவி ரே வோன் என்னும் அமெரிக்க வித்துவான் பயன்படுத்திய அதே இனப் பெட்டி. ஆயினும் அவருடைய நாதம் இதிலிருந்து பிறக்கவில்லை என்பது அவன் முறைப்பாடு. விற்றவன் ஏமாற்றிவிட்டானோ, இதனை விற்று வேறொன்று வாங்கலாமோ என்று என்னிடம் கேட்டான். நன்னூல் படிப்பித்தவனிடம் கேட்கத்தக்க வினா அன்று அது. எனினும் கேட்ட வினாவை விடையின்றி விடுதல் எனக்கு இயலாத காரியம். ஆதலின் அம்மனிதரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அவர் வாசிப்பையும் பல இரவுகள் கேட்டேன். முதல் இரவு எனக்கு இரைச்சலாகவே பட்டது. நான்காம் இரவு அவ்வாறு படவில்லை.

வோன் 1954 ஒக்டோபர் 3ஆம் திகதி டெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் அஸ்பெஸ்டஸ் வேலை செய்த கூலித் தொழிலாளி. வேலை கிடைத்த ஊர்தோறும் குடும்பமும் உடன் அலைந்தது. தந்தையாரின் குடியும் கோபமும் பிள்ளைகளை அச்சத்தில் வைத்திருந்தன. தமையன் ஜிம்மி மூன்று வயது மூத்தவர், கிற்றாரில் முந்திக் கொண்டவர். தம்பிக்கு ஏழாவது பிறந்தநாளிற் கிடைத்தது ஒரு விளையாட்டுக் கிற்றார். இசைக் குறியீடு வாசிக்க அவர் கடைசிவரை அறியார். இசைத்தட்டைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டுச் செவி ஒன்றினாலேயே பயின்றார். லொனி மாக், அல்பேர்ட் கிங், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஆகியோரே அவருக்கு ஆசான்கள். அவர்களோ இப்படியொரு சீடன் உளன் என்று அறியாதவர்கள். ஏகலைவன் கதை ஆசிரியத் தொழிலோருக்கு எப்போதும் சற்றுக் கூச்சம் தருவது. இங்கும் அவ்வாறே.

அவர் பற்றிக்கொண்டது புளூஸ் என்னும் இசை. அமெரிக்கத் தென்புலத்துக் கறுப்பின மக்களின் துயரிலும் எள்ளலிலும் விளைந்தது. அதன் உயிர், சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே குரலை வளைத்தலில் உள்ளது. பதினேழு வயதிற் பள்ளியை இடைநிறுத்தி, இசைக்காகவே ஒஸ்டின் நகருக்குச் சென்றார். பள்ளியாசிரியனாகிய என் பேனா இதனைப் பாராட்டி எழுதத் தயங்குகின்றது. எனினும் சென்ற இடத்தில் அவர் சோம்பியிருக்கவில்லை. சிறு விடுதிகளில் இரவிரவாக வாசித்தார். ‘டபிள் ட்ரபிள்’ என்ற பெயரில் அவர் அமைத்த குழுவில், மேள வாத்தியத்துக்குக் கிறிஸ் லேட்டனும், 1981 முதல் பேஸ் கிற்றாருக்கு டொமி ஷனனும் துணை நின்றனர்.

அவருடைய நாதத்தின் காரணத்தை முதலிற் கையிற் காண வேண்டும். பிறர் தம் கிற்றாரின் மெல்லிய தந்தியாக 0.009 அல்லது 0.010 அங்குல விட்டமுள்ளதைப் பூட்டுவர். இவர் பூட்டியது 0.013 அங்குலம். எண்ணிற் சிறிது, விரலுக்கோ பெரிது. சுருதியை அரைச்சுரம் தாழ்த்திக்கொண்ட போதிலும் அத்தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை உயர்த்துதல் எளிய காரியமன்று. வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்போர் இதன் வலியை ஊகிக்கலாம். விரல்நுனி பிளந்த நாட்களிற் கடும் பசையால் அதனை ஒட்டிக்கொண்டு மேடையேறினார் என்பது அவர் வரலாறு எழுதியோர் யாவரும் சொல்லும் செய்தி.

அடுத்தது ஒலிபெருக்கி. பழைய வானொலிப் பெட்டியுள் செந்நிறமாய் ஒளிர்ந்த வால்வுகளை மூத்த வாசகர் மறந்திரார். வோன் விரும்பிய ஃபெண்டர் ஒலிபெருக்கிகளும் அத்தகைய வால்வுகளால் இயங்கியவையே. வால்வு தன் வரம்புக்குள் வரும் மின்னலையை உள்ளபடி பெருக்கித் தரும். வரம்பைத் தாண்டி அலை வந்தால் அதன் முகடு சிறிது சிறிதாகத் தட்டையாகும். அப்போது மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கும். ஒலி தடித்து, கரகரத்து, விம்முங்குரல் போல நீண்டு நிற்கும். குறையென்று பொறியியலாளர் கருதியதைக் குணமென்று கொண்டனர் கிற்றார்க்காரர். அக்குணத்தையே ஓவர்டிரைவ் என்பர்.

இனிப் பச்சைப் பெட்டிக்கு வருவோம். யப்பானின் ஐபனிஸ் நிறுவனத்தின் பெயரில் 1970களின் இறுதியில் வெளிவந்த ‘டியூப் ஸ்க்ரீமர்’ அது. வால்வை அலறச் செய்வது என்று பெயருக்குப் பொருள் கொள்ளலாம். ஆக்கியவர் சுசுமு தமுரா. உள்ளே 9 வோல்ட் மின்கலத்தால் இயங்கும் சிறு பெருக்கிச் சிப் ஒன்று. அதன் பின்னூட்டற் பாதையில் எதிரெதிர் முகமாக வைத்த இருவாயிகள் அலையின் முகட்டை மெல்ல மழுக்குகின்றன. ஆனால் மழுங்கிய அலையோடு மழுங்காத மூல அலையும் கலந்தே வெளிவருகின்றது. ஆதலால் விரலின் அழுத்தமும் மென்மையும் கேட்பவர் செவிக்கு மறைவதில்லை. கனத்த கீழ்ச்சுரங்களை அடக்கி நடுச்சுரங்களை முன்னிறுத்துவதும் இதன் இயல்பு. மேளமும் பேஸும் முழங்கும் இடத்தில் கிற்றாரின் குரல் அமிழ்ந்து போகாமல் நிற்பது இதனாலேயே. ‘ஃபஸ்’ எனப்படும் பெட்டிகள் முகட்டை வாளால் வெட்டினாற்போல் வெட்டிவிடும். அவற்றின் வழி வேறு.

பெட்டியில் மூன்று திருகுகள் உள்ளன. ஒன்று கரகரப்பைக் கூட்டும். ஒன்று தொனியைத் திருத்தும். ஒன்று வெளிச்செல்லும் வலுவை ஏற்றும். வோன் பெரும்பாலும் முதலாவதைத் தாழ்த்தியும் மூன்றாவதை உயர்த்தியுமே வைத்தார். பெட்டி அவருக்குக் கரகரப்பைத் தரவில்லை. ஏற்கெனவே வரம்பின் விளிம்பில் நின்ற வால்வுகளை அப்பால் தள்ளியது. இதுவே என் மாணாக்கன் அறியாத செய்தி. அவன் வீட்டிலுள்ளது வால்வில்லாத சிறு திரான்சிஸ்டர் ஒலிபெருக்கி. அதனை எவ்வளவு தள்ளினாலும் அது வால்வைப் போல் நெகிழாது. வோனின் அமைப்பை அப்படியே பின்பற்றியபோது ஓசை பெருத்ததேயன்றி நாதம் மாறவில்லை. அவ்விடத்தில் மழுக்கும் வேலையைப் பெட்டியே செய்ய வேண்டும். ஆதலின் முதல் திருகை நடுவரையேனும் ஏற்றுக என்றேன். விற்றவன் ஏமாற்றவில்லை. பெடல் தெரிவு செய்யப் புறப்படுவோர் முதலில் தம் ஒலிபெருக்கி எதுவென்று நோக்குதல் நன்று.

பெட்டியின் எந்த ஆண்டு மாதிரி சிறந்தது, உள்ளிருக்கும் சிப்பின் எண் யாது என்று இன்றும் கடுஞ்சமர் நடக்கின்றது. நாதசுரக்காரர் சீவாளி பற்றி வாதிடுவதும் அதன்முன் சாதுவே. வோனோ 808, பின்னர் 9, பின்னர் 10 என்று புதிய மாதிரி வர வர அதனை எடுத்துக்கொண்டார். எனினும், கருவி பொய், கையே மெய் என்று முடித்துவிடுதலும் பிழை. அந்தப் பெட்டியை அவர் ஒருபோதும் வேண்டாமென்று ஒதுக்கவில்லை.

1982 யூலையில் சுவிற்சர்லாந்தின் மொன்றோ இசைவிழாவில் வாசித்தபோது அவையோரில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டு இகழ்ந்தனர். அதே அவையிற் கேட்டிருந்த டேவிட் போவி தம் இசைத்தட்டுக்கு அவரை அழைத்தார். ஜக்சன் பிறவுன் தம் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடத்தை இலவசமாகக் கொடுத்தார். அங்கு மூன்றே நாட்களிற் பதிந்தது 1983இல் ‘டெக்சாஸ் ஃப்ளட்’ ஆக வெளிவந்தது. போவியின் இசைத்தட்டும் அதே ஆண்டில் உலகெங்கும் விற்றது. போவியின் உலகச் சுற்றுலா தொடங்குமுன் அதிலிருந்து விலகித் தம் குழுவோடே நின்றார் வோன். 1985இல் மொன்றோ அவரைக் கைதட்டி வரவேற்றது.

புகழ் வந்த காலத்திலேயே மதுவும் கொக்கெயினும் அவரை விழுங்கலாயின. விஸ்கியிலேயே கொக்கெயினைக் கரைத்துக் குடித்தார், வயிறு புண்ணாயிற்று. 1986 ஓகஸ்ட் 27ஆம் திகதி தந்தையார் இறந்தார். அடுத்த மாதம் ஜேர்மனியில் வைத்து வோனின் உடல் முறிந்தது. இலண்டனில் வைத்தியம் பெற்று, பின் அமெரிக்கா திரும்பி, அட்லான்டாவில் குடிமறக்கும் சிகிச்சைக்கு உட்பட்டார்.

நான் நெடுநேரம் நின்று சிந்தித்த இடம் இதுவே. போதையின்றித் தம்மால் வாசிக்க இயலுமோ என்ற அச்சம் அவரைப் பற்றியிருந்தது. கைப்பழக்கம் கையினுடையதோ, குவளையினுடையதோ? பதினைந்து ஆண்டு வாசித்த ஒருவருக்கு இவ்வினா பெரும் வதை. விடையை மேடையிலேயே தேட வேண்டியிருந்தது. அவையோர்க்கு மறைத்துத் தேடவும் வழியில்லை. மனந்தெளிந்து மீண்ட பின் ஏறிய முதல் மேடைகளின் நிலை எத்தகையது என்று எண்ணுகையில், முதன்முறை வகுப்பறைக்குள் நுழைந்த என் கால்நடுக்கம் நினைவுக்கு வருகின்றது. ஒப்புமை சிறிதே ஆயினும்.

1989இல் வெளிவந்த ‘இன் ஸ்டெப்’ என்னும் இசைத்தட்டு அவர் அளித்த விடை. தம் வீழ்ச்சியையும் மீட்சியையும் அதிற் சில பாடல்களுக்குப் பொருளாக்கினார். அதே தடித்த தந்தி, அதே பச்சைப் பெட்டியின் புதிய மாதிரி. முந்திய தட்டுகளில் இல்லாத ஓர் ஒழுங்கு அதிற் கேட்கின்றது. சுரங்கள் ஒன்றையொன்று துரத்தவில்லை. மறு ஆண்டு அதற்குக் கிராமி விருது கிடைத்தது.

1990 ஓகஸ்ட் 26 இரவு விஸ்கொன்சின் மாநிலத்து அல்பைன் வலியில் எரிக் கிளப்டன், பட்டி கை, றொபேட் கிறே, தமையன் ஜிம்மி ஆகியோருடன் ஒரே மேடையில் நின்று வாசித்தார். நள்ளிரவு கடந்து, மூடுபனியிற் புறப்பட்ட ஹெலிகொப்டர் அருகிருந்த குன்றில் மோதியது. விமானியும் கிளப்டனின் குழுவைச் சேர்ந்த மூவரும் வோனும் ஒருங்கே மாண்டனர். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது. தமையனுடன் சேர்ந்து பதிந்த இசைத்தட்டு அடுத்த மாதமே வெளிவந்தது. விபத்து நிகழ்ந்த நாள் ஓகஸ்ட் 27. தந்தையார் இறந்து சரியாக நான்கு ஆண்டு. டலஸில் தந்தையார் துயிலும் அதே லோரல் லான்ட் மயானத்தில் அவரையும் அடக்கம் செய்தனர்.