ஆளை அட்டையாக்கிய ஹாலரித்



லாராவெல் லேபில் யூசர் ஆப்ஜெக்டை ஜேசானாக மாற்றச் சொன்னால் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். புரோகிராமுக்குள் இருக்கிற ஆப்ஜெக்ட், பெயரும் மதிப்புமாக வரிசைகட்டிய வெறும் எழுத்தாகி அடுத்த கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருகிறது. கம்ப்யூட்டரே பிறக்காத காலத்தில், ஆறு கோடிக்கும் மேற்பட்ட மனிதர்களை வைத்து இந்த வேலையைச் செய்து காட்டியவர் ஹெர்மன் ஹாலரித்!

1860 பிப்ரவரி 29 அன்று, ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பத்தில், அமெரிக்காவின் பஃபலோ நகரில் பிறந்தார். ஸ்பெல்லிங் என்றாலே அவருக்கு வேப்பங்காய். அந்த வகுப்பு வந்தால் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிடுவார் என்றொரு கதை உண்டு. அப்படிப்பட்டவர் 19 வயதில் கொலம்பியா சுரங்கக் கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டார். அரியர் வைத்திருப்போர் கவனிக்க!

படிப்பு முடிந்ததும் 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை. வீடு வீடாக எழுதி வந்த தாள்களைக் குமாஸ்தாக்கள் கையால் எண்ணினார்கள். முடிக்க 7, 8 வருஷம் ஆயிற்று. இதற்கு ஒரு மெஷின் வேண்டும் என்ற எண்ணத்தை ஹாலரித்தின் மண்டையில் போட்டவர் அங்கே உயரதிகாரியாக இருந்த டாக்டர் ஜான் ஷா பில்லிங்ஸ்.

முதலில் நீளமான காகித நாடாவில் துளை போட்டுப் பார்த்தார். நாடாவில் ஒரு ஆளைத் தேடணும்னா மொத்த நாடாவையும் ஓட்டணும். ஆளுக்கு ஒரு அட்டை என்றால் பிரிக்கலாம், அடுக்கலாம். இந்த யோசனைக்கு வழிகாட்டியது ஒரு ரயில் பயணம். டிக்கெட் கை மாறாமலிருக்க, பயணியின் முடி நிறம், கண் நிறம், மூக்கு இவற்றை டிக்கெட்டிலேயே துளை போட்டுக் குறித்தாராம் கண்டக்டர்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். துளை என்பது வெறும் ஓட்டை. அது இருக்கிற இடம்தான் அர்த்தம். எந்த இடத்துக்கு என்ன பொருள் என்று துளை போடுகிறவரும் படிக்கிறவரும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். ஜேசானிலும் அதே கதைதான். அனுப்புகிற பக்கம் கீயின் பெயரை மாற்றிவிட்டால், வாங்குகிற பக்கம் முழிக்கும்.

1889-இல் பேட்டன்ட் கிடைத்தது. மூன்று முறைகளுக்குள் போட்டி வைத்தார்கள். தகவலைத் தொகுத்து எண்ண மற்ற இரண்டுக்கும் 44 மணி, 55 மணி ஆனபோது ஹாலரித்தின் மெஷினுக்கு ஆனது ஐந்தரை மணிதான்! அட்டையை வைத்துக் கைப்பிடியை இறக்கினால், துளை உள்ள இடத்தில் மட்டும் ஊசி நுழைந்து பாதரசக் கிண்ணத்தைத் தொடும். சர்க்யூட் பூர்த்தியாகி டயலில் ஒரு எண் ஏறும். 1890 கணக்கெடுப்பே இப்படித்தான் எண்ணப்பட்டது.

ஆனால் அட்டையில் எதற்கு இடம் வைப்பது? அதை மெஷின் தீர்மானிப்பதில்லை. எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அட்மிஷன் பாரத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதினேன். அப்பா கிணறு வெட்டுவார், கூரை வேய்வார், சைக்கிளைப் பிரித்துப் போட்டு மாட்டுவார். அதற்கெல்லாம் கட்டம் கிடையாது. 1890-இல் அமெரிக்காவில் கறுப்பின ரத்தம் அரையா, காலா, அரைக்காலா என்றுகூடப் பிரித்துக் கேட்டார்கள். 1933-இல் நாஜி ஜெர்மனியின் கணக்கெடுப்பிலும் ஹாலரித் மெஷின்கள் ஓடின. அந்தக் கணக்கில் மதமும் இருந்தது. யூதர்களுக்குப் பிறகு நேர்ந்தது உலகம் அறிந்தது. அதைப் பார்க்க ஹாலரித் உயிரோடு இல்லை. பாஸ்வேர்ட் வெளியே போகக்கூடாது என்று மாடலில் ஹிட்டன் பட்டியல் போடுகிறோமே, அந்த ஒரு வரியை இப்போதெல்லாம் நான் அவசரமாக எழுதுவதில்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1896-இல் சொந்தக் கம்பெனி. மெஷினை விற்காமல் வாடகைக்கு விட்டார். ஆள் கறார். வாடகைத் தகராறில் கணக்கெடுப்பு அலுவலகமே அவரை விட்டு விலகியது. 1911-இல் கம்பெனி வேறு கம்பெனிகளோடு இணைந்தது. 1924-இல் அதற்கு வைத்த பெயர்தான் ஐபிஎம். 1929 நவம்பர் 17 அன்று வாஷிங்டனில் ஹாலரித் காலமானார்.

பழைய ஃபோர்ட்ரான் மொழியில் எழுத்துத் தொடர் எழுத, எத்தனை எழுத்து என்று எண்ணிப் போட்டு, பக்கத்தில் 'எச்' என்று எழுத வேண்டும். அந்த 'எச்' ஹாலரித்தின் எச். ஸ்பெல்லிங்கைக் கண்டு ஓடிய அதே ஹாலரித்!